மூன்றாம் ஸலாமுக்குப் பிறகு

பொத்துவில்,
9-2-1956

மருதமுனை கலந்தர் லெப்பை அவர்களுக்கு,

வாப்பா என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் உங்களுக்கு மகன் இல்லை என்று முந்தாநாள்தான் அறிந்துகொண்டேன்.

கல்முனைக்குடி மீன் வியாபாரி முகைதீன்பாவா காக்கா இங்கே கரைவலை மீன் எடுக்க வந்திருந்தார். நான் வலைக் கயிற்றைத் தோளில் போட்டு மற்றவர்களோடு இழுத்துக்கொண்டு நின்றேன். என்னைக் கண்டதும் கையிலிருந்த தராசை மணலில் விட்டுவிட்டு ஓதத் தொடங்கினார்.

"டேய், ஆர்ரா நீ?"

"என்ன காக்கா, நான் ஸைனு. லெப்பைட மகன்."

"லெப்பைட மகன் மௌத்தாகி ரெண்டு மாசம். அவன்ட நாப்பதாங் கத்தத்துச் சோறு நான் ரெண்டு தரம் வாங்கித் திண்ட. நீ அங்காலயே நில்லு!"

"சோறு நல்லா இரிந்திச்சா காக்கா?"

"இறச்சிக்கு உப்புக் கொஞ்சம் கூட" என்றார், பின்வாங்கிக்கொண்டே. பிறகு மெல்ல மெல்லக் கிட்ட வந்து ஒரு விரலால் என் கையைத் தொட்டுப் பார்த்தார். "சூடு இரிக்கிடா மனே" என்று சொல்லி மணலில் குந்தி அழுதார்.

வலையில் நின்ற எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து ஒருவரும் என் கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதில்லை. கடற்கரை வாடிக் கொட்டிலில் நான் படுக்கும் பாய்க்கு இரு பக்கமும் இடம் விட்டுப் படுக்கிறார்கள்.

கடலில் ஒதுங்கிய மையித்து ஒன்றை என் பெயரில் அடக்கினீர்களாம். தலைமாட்டில் பலகை நட்டு அதில் என் பெயரையும் வெட்டுவித்திருக்கிறீர்களாம். காக்கா சொன்னார்.

நான் மௌத்தாகவில்லை. உயிரோடு பொத்துவிலில் இருக்கிறேன். நான் சொல்லி அனுப்பிய செய்திக்கு ஏன் ஒரு மறுமொழியும் இல்லை என்று இவ்வளவு நாளும் கடற்கரையில் காத்திருந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தேன். இப்போதுதான் விளங்குகிறது. அடக்கிவிட்டவனுக்கு யார் மறுமொழி எழுதுவார்கள்?

என் பெயரில் படுத்திருப்பது யார்?

ஸைனுலாப்தீன்


மருதமுனை,
17-2-1956

அருளாளன் திருப்பெயர் முன்னிற்க.

இம்மடல் எவர் கையைச் சேருகின்றதோ அவருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உயிரோடிருப்பார்க்கும் நாம் ஸலாம் உரைக்கின்றோம். மையவாடியைக் கடக்கையில் அங்கு அடங்கியிருப்பார்க்கும் உரைக்கின்றோம். ஆதலால் நீர் எவராயினும் என் ஸலாம் உமக்கு உரியதே.

எழுத்து என் மகனுடையது போல் இருக்கின்றது. முகைதீன்பாவாவும் பள்ளிவாசல் மண்ணில் நின்று சத்தியம் செய்தார். எனினும் மனிதரின் எழுத்தையும் முகத்தையும் எடுத்தணிந்து வரும் ஜின் படைப்புகள் உண்டென்பதை ஓதியறிந்த லெப்பை நான். ஆகவே நடந்ததை உள்ளவாறே எழுதுகின்றேன். படித்துவிட்டு, நான் கேட்கும் ஒன்றுக்கு மட்டும் விடை தருக.

என் மகனுக்கு வயது பதினாறு. ஓதும் கிதாபின் முன் அமர்த்தினால் அவன் கண் கடலுக்குப் போகும். அதிகாலைத் தொழுகைக்கு எழுப்பினால் பாயைத் தலைவரை இழுத்துக்கொள்வான். கல்முனையில் கூடாரம் போட்டுப் படம் காட்டியபோது மூன்று இரவு அங்கே கிடந்தான். அடித்தேன், அடியை எண்ணிக்கொண்டு நின்றானேயன்றி அழவில்லை. கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஊரார் வெளியே வந்துகொண்டிருக்கையில், "வாப்பா ஓதுறது அல்லாக்கில்ல, ஊருக்குக் காட்டுறத்துக்கு" என்று என் முகத்துக்கு நேரே சொன்னான். பிழைக்கு வருந்தித் தௌபாச் செய்யும்வரை என் வாசற்படியை மிதியாதே என்று அச்சபையிலேயே நானும் சொன்னேன். அன்றே போனான்.

சில நாள் கழித்து, மாரி மழை இடைவிடாது கொட்டிய ஒரு நாள், பொழுதுபட்டு மஃரிப் தொழுது முடித்துத் தஸ்பீஹ் மணியும் கையுமாக இருந்தேன். முன் கதவுக்கு வெளியே ஓர் ஆண்பிள்ளைக் குரல் ஸலாம் உரைத்தது. மழையில் நனைந்து தேய்ந்த குரல். என் மனைவி றுகையா, "புள்ள வந்துட்டான்" என்று எழுந்தாள். நான் கையை உயர்த்தி அவளை நிறுத்தினேன். இரண்டாம் முறையும் ஸலாம் வந்தது. சற்றுப் பொறுத்து மூன்றாம் முறையும் வந்தது. அதன் பின் மழை மட்டுமே கேட்டது. நான் எதிர்பார்த்தது தௌபா என்னும் ஒரு சொல். அது வரவில்லை, நானும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் நண்பகல் லுஹருக்குமுன், மையித்து ஒன்று ஒதுங்கியதென்று கடற்கரையிலிருந்து ஆள் ஓடிவந்தது. கடல் முகத்தை விட்டுவைத்திருக்கவில்லை. ஆனால் அரையிலே சாரம் இருந்தது. நம் வீட்டுத் தறியில் றுகையா நெய்த சாரம். பச்சைக் கரையில் இரட்டை மஞ்சள் இழை. அந்த இழையோட்டம் இந்த ஊரில் வேறெந்தத் தறியிலும் இல்லை. வீட்டுக்கு வந்தவன் அவன், திரும்பிச் சென்றவன் அவன், கடல் கொண்டது அவனை என்று நான் முடிவு செய்தேன். றுகையா மட்டும் அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இது எண்ட புள்ளட கால் இல்ல. அவன்ட பெருவிரல் நகம் தறி மிதியில பட்டுப் போனது. இதுக்கு நகம் இரிக்கி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். துயரம் பேசுகின்றதென்று எண்ணி அவளை உள்ளே அனுப்பினேன். நானே முன்னின்று ஜனாஸாத் தொழுவித்து அடக்கினேன்.

முன்னொரு தந்தையிடம், ஓநாய் தின்றதென்று சொல்லி, மகனின் சட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர் நபி, நம்பவில்லை. எனக்குச் சாரத்தைக் காட்டினார்கள், நம்பிவிட்டேன்.

இனி, நான் வெளியில் எவரிடமும் சொல்லாத இரண்டைச் சொல்கின்றேன். அந்தச் சாரத்தைக் குளிப்பாட்டும்போது கழற்றி எடுத்தோம். றுகையா நன்னீரில் அலசிப் பின்வளவுக் கொடியில் போட்டாள். மாரி போய் வெயில் எறிக்கின்றது. அருகில் போட்ட நூற்பாவு கலகலவென்று உலர்கின்றது. சாரம் மட்டும் உலரவில்லை. காலையில் தொட்டால் கடல்நீர் கையில் பிசுக்கின்றது.

மற்றொன்று, அடக்கிய நாள் தொட்டு மஃரிபுக்குப் பின் வாசலில் ஸலாம் கேட்கின்றது. எல்லா நாளும் அல்ல, சில நாள். மூன்றே முறை. நான் தாழ்ப்பாளைப் பற்றியபடி நிற்பேன். மறுமொழி கூறத் துணியேன். என் மகனின் ஆவி என்று எண்ணி யாஸீன் ஓதுவேன். உமது மடல் வந்த நாள் முதல் ஓதவும் நா எழவில்லை. நான் ஓதுவதை இதுகாறும் கேட்டுக்கொண்டிருந்தது எவர் பிள்ளை?

இதற்கு விடை தருக: அன்று மழையில் என் கதவடியில் நின்றது நீதானா?

செய்தி ஒன்று அனுப்பியதாக எழுதியுள்ளீர். எச்செய்தியும் என்னை வந்தடையவில்லை.

இப்படிக்கு,
கலந்தர் லெப்பை


பொத்துவில்,
26-2-1956

வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உயிரோடிருப்பவர்களுக்கு உரிய ஸலாமையே நான் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தை வாடியில் வைத்து வாசிக்க ஏலாமல் கடலடிக்குக் கொண்டுபோய் வாசித்தேன். கேட்டதற்கு விடை: நான் இல்லை. அந்த நாளில் நான் மருதமுனைக்கு வரவேயில்லை.

ஆனால் யார் வந்தான் என்பது எனக்குத் தெரியும். நான்தான் அனுப்பினேன்.

ஊரை விட்டு நடந்து வரும்போது, திருக்கோவில் ஊருக்கு அப்பால் மழைக்கு ஒரு பாலத்துக்குக் கீழே ஒதுங்கினேன். அங்கே என் வயதுப் பொடியன் ஒருவன் குந்தியிருந்தான். எங்கட ஆள்தான், கையில் தாயத்து இருந்தது. அவனும் வாப்பாவோடு பிணங்கி வந்தவன். பேர் கேட்டேன். "பேரச் சென்னா என்னக் கொண்டுபோய் உட்டுருவாய்" என்று சொல்ல மறுத்துவிட்டான். என்னிடம் இருந்த ரொட்டியில் பாதி கொடுத்தேன். பொழுது பட்டும் மழை விடவில்லை. கதைத்துக்கொண்டே இருந்தோம்.

"உண்ட வாப்பா எதால அடிப்பாரு?" என்று கேட்டான்.

"தறிக்கம்பால. உண்ட?"

"கையால. ஒருக்கா நெருப்புக் கொள்ளியால. உன்ன மடியில வெச்சிருக்காரா?"

"சின்ன வயசில. பைத்துப் பாட்டுச் சொல்லித் தரக்குள்ள."

"அப்ப நல்ல வாப்பாதானே. நீ என்னத்துக்கு ஓடி வந்த?"

அந்தப் பாலத்துக்குக் கீழே இருந்து பார்த்தால் பிணக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. திரும்பி வரவும் வெட்கம். அப்போதுதான் இந்த யோசனை வந்தது. அவனுக்குப் போக இடமில்லை; எனக்கு ஒரு செய்தி அனுப்ப ஆளில்லை. "எங்கட ஊட்ட போ. உம்மா ஒருத்தரையும் பசியோட உடமாட்டா. ஸைனு பொத்துவிலுக்குப் போறானாம், அவனுக்குக் கோவம் இல்லயாம், வாப்பா கூப்புட்டா வருவானாம் எண்டு செல்லு" என்றேன்.

"நான் சென்னா நம்புவாங்களா?"

அதற்காகத்தான் என் சாரத்தை அவிழ்த்துக் கொடுத்து அவனுடையதை நான் உடுத்தினேன். உம்மாவின் கரையைக் கண்டால் உம்மா நம்புவா என்று சொன்னேன்.

இன்னுமொன்றும் சொல்லிக்கொடுத்தேன். "எங்கட வாப்பா லெப்பை. முறை பாக்கிற ஆள். வாசல்ல நிண்டு மூணு தரம் ஸலாம் செல்லு. பதில் இல்லாட்டி நாலாந்தரம் செல்லப்படா, திரும்பிரணும்." நீங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. நான் காது கொடுக்கிறதில்லை என்று அடிப்பீர்களே, அந்தப் பாடம். என் வாழ்க்கையில் முதன்முதலாக உங்கள் பாடம் ஒன்றை இன்னொருவனுக்கு ஓதிக்கொடுத்தேன்.

அவன் அதைச் சரியாகச் செய்திருக்கிறான்.

நம் வாசலில் இருந்து திரும்பியவன் போக இடமில்லாமல் கடற்கரையில் ஒரு தோணிக்குக் கீழே ஒதுங்கியிருப்பான். அந்த மாரியில் கடல் ஏறியிருக்கும். எனக்கு வேறொன்றும் நினைக்க வரவில்லை.

வாப்பா, நான் வீட்டுக்கு வருவதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் இப்போது வரமாட்டேன். மையவாடியில் எனக்கொரு இடத்தை வைத்துக்கொண்டு வீட்டில் எனக்கு இடம் தர வேண்டாம். அந்தப் பலகையிலிருந்து என் பெயரை எடுங்கள். என்னை எந்தச் சபையில் வைத்து வெளியே போகச் சொன்னீர்களோ அந்தச் சபையில், அடக்கியது ஸைனு இல்லை, ஸைனு அனுப்பிய பொடியன் என்று சொல்லுங்கள். லெப்பை பிழையான பிள்ளையை அடக்கிவிட்டார் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள்.

வாசலில் கேட்கிற ஸலாமைப் பற்றி எழுதினீர்கள். அது எந்த ஜின்னும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த முறை அது. அவனுக்குப் பதில் சொல்லுங்கள் வாப்பா. நாலாந்தரம் சொல்லக் கூடாதென்று சொன்னபடியால்தான் வருகிற ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்குகிறான்.

ஸைனுலாப்தீன்

உம்மாவிடம் சொல்லுங்கள்: நகம் இன்னும் முளைக்கவில்லை.


மருதமுனை,
17-3-1956

அருளாளன் திருப்பெயர் முன்னிற்க.

என் கண்ணின் குளிர்ச்சியான மகன் ஸைனுலாப்தீனுக்கு, வாப்பா கலந்தர் லெப்பை எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இம்முறை எவருக்கு உரைக்கின்றேன் என்பதை அறிந்தே உரைக்கின்றேன்.

உன் மடலை உன் தாய்க்கு வாசித்துக் காட்டினேன். நகத்தைப் பற்றிய வரிக்கு வந்ததும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பதாண்டு இல்லறத்தில் அவள் என்னைப் பழித்துப் பேசியதில்லை. எழுந்துபோய்த் தறியில் அமர்ந்தாள். மாலை அஸர்வரை மிதியோசை நிற்கவில்லை.

மகனே, நீ எழுதியவற்றுள் ஒன்று என்னை உறங்கவிடவில்லை. நீ மூன்று முறையோடு திரும்பிப் போகின்றவனா? இந்தக் கதவின் கீழ்ப்பலகையில் உன் காற்சுவடு இன்றும் இருக்கின்றது. பசித்தால் அதை உதைத்தே உள்ளே வருவாய். அந்த மழையில் நின்றவனோ உரிய இடைவெளி விட்டு, உரிய பணிவோடு, மூன்று முறை உரைத்துவிட்டு நின்றுகொண்டான். அது என் மகனன்று என்பதை அந்தப் பணிவே எனக்கு உணர்த்தியிருக்க வேண்டும். நானோ அதைக் கேட்டு உள்ளுக்குள் மகிழ்ந்தேன். பயல் பணிந்துவிட்டான், இன்னும் சற்றுப் பணியட்டும் என்று இருந்தேன். அந்தச் சற்று நேரத்தில் ஒரு பிள்ளை என் படியிறங்கிப் போனான். ஸலாமுக்கு மறுமொழி கடன் என்று நாள்தோறும் ஓதிக்கொடுத்த நாவு இது.

சென்ற வாரத்து ஜும்ஆவில் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றேன். உன் கடிதத்தில் நீ கேட்டவாறே சொன்னேன். உன்னைப் போகச் சொன்ன அதே சபையில் நின்று சொன்னேன். எவரும் சிரிக்கவில்லை, மகனே. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எல்லோரும் எழுந்து மையவாடிக்கு நடந்தார்கள். பெயரில்லாத அந்தப் பிள்ளைக்காக மறுபடியும் துஆக் கேட்டோம். முகைதீன்பாவா மட்டும் வழியில் என்னை நெருங்கி, "லெப்பை, அந்தக் கத்தத்துச் சோறு அப்ப ஆருக்குச் சேந்திரிக்கும்?" என்று கேட்டார். உண்டவர்க்கே என்றேன். "அப்ப உப்ப நான் மன்னிச்ச" என்றார்.

தெற்கே போகும் வண்டிக்காரர் அனைவரிடமும் சொல்லி விசாரித்தேன். மகனைக் காணோம் என்று எந்த ஊரிலும் ஒருவரும் தேடியதாகத் தெரியவில்லை. தேடப்படாத பிள்ளை. ஆதலால் உன் பெயர் இருந்த பலகையைப் பிடுங்கிவிட்டு, பெயர் வெட்டாமல் இதை மட்டும் வெட்டுவித்து நட்டேன்:

மூன்றுமுறை நின்றழைத்தான் முன்வாயில் மூடினேன்
தோன்றலெவன் சொல்லாய் கடல்.

உனக்காக முன்பு பாடிய இரங்கற்பா பதினாறு அடி. அணிகள் நிறைந்தது; ஊரார் புகழ்ந்தது. அதைச் சமையலடுப்பில் இட்டேன். நீ அன்று பள்ளி வாசலில் சொன்னது முற்றிலும் பொய்யன்று.

இனி வாசலைப் பற்றி எழுதுகின்றேன்.

ஜும்ஆ அன்று மாலை காத்திருந்தேன், ஒன்றும் இல்லை. அடுத்து வந்த நாட்களிலும் இல்லை. நேற்று மஃரிப் முடிந்து விளக்கை ஏற்றும்போது முதல் ஸலாம் வந்தது. வானில் ஒரு முகில் இல்லை. எனினும் அந்தக் குரலில் மழை இருந்தது. இரண்டாவதற்கு நான் காத்திருக்கவில்லை. "வஅலைக்குமுஸ்ஸலாம் வ றஹ்மத்துல்லாஹ். உள்ளே வா மகனே" என்று உரக்கச் சொல்லித் தாழ்ப்பாளை நீக்கினேன்.

வாசலில் எவரும் இல்லை. பிறை நிலாவில் முற்றத்து மணல் பெருக்கியபடியே கிடந்தது. ஆயினும், பொய் எழுதேன், என் இடத் தோளை ஒட்டி ஒரு குளிர் உள்ளே போனது. ஈரத் துணி உரசிச் செல்வது போலிருந்தது. நான் நகர்ந்து வழிவிட்டேன். உன் தாய் அடுப்படிக்குப் போனாள். சோற்றைப் போட்டு மூடி, நீ வழமையாக இருக்கும் இடத்தில் வைத்தாள். "திண்ணு மனே. சூடா இரிக்கி" என்றாள். நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பாராமல் இருந்தோம்.

காலையில் மூடியைத் திறந்தபோது சோறு வைத்தபடியே இருந்தது. ஆனால் றுகையா பின்வளவில் இருந்து என்னைக் கூவி அழைத்தாள். போய்ப் பார்த்தேன். கொடியில் சாரம் உலர்ந்திருந்தது. கையில் எடுத்தால் புதுத்துணி போல் மொரமொரத்தது. முகர்ந்து பார்த்தேன், வெயிலின் மணம் மட்டுமே இருந்தது. மடித்து உன் பெட்டியில் வைத்திருக்கின்றாள்.

அவனுக்குரிய மறுமொழி போய்ச் சேர்ந்துவிட்டது. உனக்குரியதை இப்போது எழுதுகின்றேன். நீ சொல்லி அனுப்பினாயே, வாப்பா கூப்பிட்டால் வருவேன் என்று. கூப்பிடுகின்றேன். தௌபாவை எனக்குச் சொல்ல வேண்டாம். அது உனக்கும் உன்னைப் படைத்தவனுக்கும் இடைப்பட்டது. கரைவலைக்குத்தான் போவாயெனில் போ. நம் கரையிலும் வலை இழுக்கின்றார்கள். பொழுது படுமுன் வீடு வந்து சேர். இது கட்டளையன்று, கேட்டுக்கொள்கின்றேன்.

பறாஅத் இரவு வருகின்றது. அதற்குள் வருவாயெனில் உன் தாய் ரொட்டி சுடும்போது பாட்டுப் பாடுவாள். அவள் பாடிக் கேட்டு வெகு நாளாகின்றது.

உன் வரவை நோக்கியிருக்கும்,
வாப்பா


பொத்துவில்,
24-3-1956

அன்புள்ள வாப்பாவுக்கு, உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வருகிறேன். பறாஅத் அன்று பின்னேர பஸ்ஸில் ஏறினால் மஃரிபுக்குக் கிட்ட வந்து சேருவேன்.

உங்கள் கடிதம் கிடைக்குமுன்னே எனக்குத் தெரியும், ஏதோ நடந்துவிட்டதென்று. பதினாறாம் திகதி இரவு வாடியில் படுத்திருந்தேன். என் பாய்க்கு இரு பக்கமும் இடம் விட்டுப் படுக்கிறார்கள் என்று எழுதினேன் அல்லவா? விடியற்காலை எழும்பியபோது வலப்பக்கத்து மணலில் ஒரு ஆள் படுத்த தடம் இருந்தது. என் அளவு ஆள். பயம் வரவில்லை வாப்பா. பாலத்துக்குக் கீழே அன்று எப்படிக் கிடந்தோமோ அப்படி இருந்தது. அவன் சாப்பிட்டானோ என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து பாதி ரொட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தின்னுகிறேன். வலைக்காரர்கள் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள்.

"நீ ஊட்ட போடா, போய் ஓதிப் பாத்துட்டு வா" என்கிறார் எங்கள் வலைக்குத் தலைவரான மன்றாடி. ஓதுகிற வீட்டுக்குத்தான் போகிறேன் என்று சொன்னேன்.

வாப்பா, நான் வந்தால் கதவை உதைப்பேன். கோபம் என்று நினைக்க வேண்டாம். நான்தான் என்று உங்களுக்குத் தெரிவதற்காக.

ஆனால் நான் உதைக்குமுன் வாசலில் யாரும் முறையாக ஸலாம் சொன்னால், மூன்றாவது வரை பார்த்திருக்க வேண்டாம்; முதலாவதுக்கே திறந்துவிடுங்கள். பஸ்ஸில் ஒரு டிக்கட்தான் எடுப்பேன். உம்மாவிடம் ரொட்டி இரண்டு பேருக்குச் சுடச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
ஸைனு